பத்து விநாடிக்கு ஒரு படம்

டிசம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அரசியல் சாயல் மற்றும் பன்முகத்தன்மை மதிப்பீட்டு வாரியத்தின் மூன்றாம் மாடிக் கூடத்தில், ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடக்கூடிய குழந்தைகள் திரைப்படம் ஒன்று அறுநூறு புகைப்படங்களாக அட்டைகளில் ஒட்டி முடிக்கப்பட்டது.

வாரியம் படங்களை ஓட்டிப் பார்ப்பதில்லை. பத்து விநாடிக்கு ஒரு படம் என்று அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, சுவரோரமாகச் சாய்த்து வைத்து, கையில் குச்சியுடன் நடந்துகொண்டே படிக்கிறது. ஓடும் படம் மதிப்பீட்டாளருக்குப் பிடித்துப்போய்விடும் அபாயம் இருக்கிறது என்றும், பிடித்துப்போன ஒன்றை நடுநிலையோடு மதிப்பிட முடியாது என்றும் விதி சொல்கிறது. முன்பு ஓட்டித்தான் பார்த்தார்கள். தொலைந்துபோன வாத்துக்குஞ்சு ஒன்று தாயைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்து உறுப்பினர் பார்த்துவிட்டார். விசாரணை நடந்தது. துடைத்தவர், தூசி என்றார். கூடத்தில் தூசி இல்லை என்று துப்புரவுப் பிரிவு எழுத்துமூலம் தெரிவித்தது. அன்றிலிருந்து ஒட்டுவதுதான்.

வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்தத் தியேட்டரும் விளக்கை அணைக்காது. விடுமுறைக்காக எடுத்த படம் விடுமுறை முடிந்தபின் வந்தால் அதைப் பார்க்க ஈ காக்கை வராது. இதனால் தயாரிப்பாளர்கள் டிசம்பர் மாதம் முழுவதும் வாரியத்தின் படிக்கட்டில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஓர் ஊரில் குளிர்கால விடுமுறை வரவே மாட்டேன் என்கிறது. பனிமலைக் கரடி ஒன்று வீட்டுக்கு வீடு புகுந்து காலண்டர்களில் இருந்த சிவப்புத் தேதிகளையெல்லாம் உரித்து மூட்டை கட்டி எடுத்துப்போய், அவற்றின் மேல் படுத்துத் தூங்குகிறது. தேதி இல்லாததால் பள்ளிக்கூடம் முடிவதில்லை. ஒரு சிறுமி மலையேறிப் போய்த் தேதிகளை மீட்டு வருகிறாள். அவ்வளவுதான்.

அந்தச் சிறுமிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அனிமேட்டர். கணினிக்குள் இருக்கும் உருவம் தானாக நடக்காது. எந்தத் தோள் எப்போது இறங்க வேண்டும், எந்தக் குதிகால் எப்போது தரையைத் தொட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் தன் மகளின் நடையைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் வாலு என்று அழைக்கப்படும் அந்த மகளுக்கு எட்டு வயது. இடது முழங்காலிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல்வாரும் சேர்ந்த காலிப்பர் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். குடியிருப்பின் பொது நடைபாதையில் அவர் செல்போனும் கையுமாகத் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள, அவள் அவருக்கு முன்னால் போய் வந்துகொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தாண்டிப் போவார்கள்.

"அந்தப் பொண்ணு காலிப்பர் எங்கப்பா?" என்று அவள் ஒருநாள் கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"பூட்சுக்குள்ள. பனில நடக்கணும்ல?"

"அப்ப எப்படித் தெரியும்?"

"நடந்தா தெரியும்."

அவள் யோசித்தாள். "கடைசில கரடி மந்திரம் போட்டு சரி பண்ணிடுமா?"

"பண்ணாது."

"எல்லாப் படத்துலயும் பண்ணிடறாங்க. உடனே ஓடுவாங்க. பாட்டு வரும்."

"இதுல அப்படியேதான் ஏறுவா. அப்படியேதான் இறங்குவா."

"என் தலைல கை வெச்சுச் சொல்லு."

அவர் கை வைத்துச் சொன்னார். அவள் மறுநாளே போய் வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டாள். வகுப்பு நம்பவில்லை. படம் வரட்டும் பார்க்கலாம் என்றது.

தயாரிப்பாளர் அந்த அனிமேட்டரைத்தான் வாரியத்துக்கு அனுப்பினார். படத்தைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர் என்பது ஒரு காரணம். எதிர்த்துப் பேச மாட்டார் என்பது இன்னொன்று. "தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாயக் குடுத்து மாட்டிக்காத" என்று சொல்லி அனுப்பினார்.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர், அரசியல் சாயல் உறுப்பினர், பன்முகத்தன்மை உறுப்பினர். மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். தலைவரும் பன்முகத்தன்மை உறுப்பினரும் சம்பந்திகள். மூவருடைய மூக்குக்கண்ணாடியும் ஒரே கடையில் செய்தவை. ஒருமுறை இருவருடைய கண்ணாடிகள் மாறிப்போய்விட்டன. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு மாத மதிப்பெண்களிலும் எந்த மாற்றமும் இல்லை என்று ஆண்டறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது.

அரசியல் சாயல் உறுப்பினர் குச்சியால் முதல் அட்டையைத் தட்டினார்.

"தேதி ஏன் சிவப்பா இருக்கு?"

"விடுமுறை சார். காலண்டர்ல சிவப்பாத்தான் இருக்கும்" என்றார் அனிமேட்டர்.

"எந்தக் காலண்டர்ல?"

"எல்லா வீட்டுலயும் சார்."

"அது காலண்டர் அச்சடிக்கிறவனோட அரசியல். நீங்க ஏன் அத தூக்கி சுமக்கிறீங்க? சிவப்பத் தேடி ஒரு குழந்தை மலை ஏறுது. எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

மாற்று நிறம் தேடினார்கள். நீலம் ஒரு கட்சியுடையது. பச்சை இரண்டு கட்சிகளுடையது. அவை நீதிமன்றத்தில் இருக்கின்றன. மஞ்சள் பிரிந்துபோன கட்சியுடையது. கறுப்பு எதிர்ப்பு. வெள்ளை சரணாகதி. முற்பகல் முழுவதும் விவாதித்துச் சாம்பல் நிறத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாம்பல் நிறத்தில் எந்தக் கட்சியும் இதுவரை கொடி ஏற்றவில்லை. ஏற்றினால் படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள்.

"சரி, கரடி யாரைக் குறிக்குது?"

"கரடியத்தான் சார்."

உறுப்பினர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க சார். போன மாசம் ஒருத்தர் முயலக் காட்டி முயல்னு சொன்னார்." அனிமேட்டர் பக்கம் திரும்பினார். "பாருங்க, மக்களோட விடுமுறைய எடுத்து வெச்சுக்கிட்டு மேல படுத்துத் தூங்குது. யார் தூங்கறாங்கன்னு சொல்ல வரீங்க? நிர்வாகமா?"

"கடைசில முழிச்சுக்கும் சார்."

"அது அதவிட மோசம். எழுச்சி."

தூங்கினால் அவமதிப்பு, விழித்தால் தூண்டுதல். ஆகவே கரடி படம் முழுவதும் அரைக்கண் மூடியிருக்க வேண்டும் என்று முடிவானது. அனிமேட்டர் தலையாட்டினார். அடுத்து, போகும்போது சிறுமி வலப்புறமாகவும், வரும்போது இடப்புறமாகவும் நடப்பதைக் குச்சி கண்டுபிடித்தது. மலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்று அவர் விளக்கினார். "கதைக்கு நடுவுல கட்சி மாறறா" என்று உறுப்பினர் எழுதிக்கொண்டார். இனி அவள் போகும்போதும் வரும்போதும் பார்வையாளரை நோக்கியே நடக்க வேண்டும். அதற்கும் அவர் தலையாட்டினார். இவ்வளவு தலையாட்டும் ஒருவரை வாரியம் நெடுநாளாகப் பார்த்ததில்லை. அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள்.

பிற்பகலில் பன்முகத்தன்மை உறுப்பினர் எழுந்தார். மென்மையாகப் பேசுகிறவர்.

"நான் இருபது வருஷமா பன்முகத்தன்மைய அளக்கறேன் தம்பி. இத்தன வருஷத்துல ஒரு மனுஷனக்கூட நான் தனியா உத்துப் பாத்ததில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும். எண்ணிக்கை மட்டும்தான். அந்த ஒழுக்கம் இருக்கறதாலதான் இந்த நாற்காலில இருக்கேன்."

முதலில் பனியை எடுத்துக்கொண்டார். அறுநூறு படங்களில் நானூற்றுச் சொச்சம் படங்களில் பனி. திரையின் பெரும்பகுதி வெள்ளை. இது ஒரு நிறத்தின் ஆதிக்கம். பனியை மக்கள்தொகை விகிதப்படிப் பல நிறங்களில் பெய்யவைக்கலாம் என்றார். நிறம் என்றதும் அரசியல் சாயல் உறுப்பினர் எழுந்துவிட்டார். இருவரும் நெடுநேரம் மரியாதையாகச் சண்டை போட்டார்கள். முடிவில் பனி பெய்யத் தேவையில்லை, 'பனி பெய்கிறது' என்று ஒரு பாத்திரம் சொன்னால் போதும் என்று தலைவர் தீர்த்துவைத்தார்.

"அடுத்து, உடல் குறைபாடு உள்ளவர்கள்." உறுப்பினர் அட்டைகளின் ஓரமாக நடந்தார். "பூஜ்யம். கவலப்படாதீங்க. எங்க படக்கிடங்குல அங்கீகரிக்கப்பட்ட சக்கர நாற்காலி ஒண்ணு இருக்கு. கூட்டம் வர்ற இடத்துலல்லாம் ஓரமா வெச்சுடுங்க. முழு மார்க்கும் வந்துடும்."

"அதுல யார் சார் உக்காருவாங்க?"

"யாரும் உக்காரக் கூடாது." அவருக்கு அந்தக் கேள்வியே அபத்தமாகப் பட்டது. "ஆள உக்கார வெச்சா ஆணா, பொண்ணா, என்ன நிறம், என்ன வயசுன்னு ஆயிரம் கேள்வி வரும். காலியா இருந்தா எல்லாருக்கும் பொது."

இந்த இடத்தில்தான் அனிமேட்டர், தயாரிப்பாளர் சொல்லியனுப்பியதை மறந்து, வாயைக் கொடுத்தார்.

"எதுக்கு சார் நாற்காலி? நம்ம பொண்ணே காலைச் சாய்ச்சுச் சாய்ச்சுத்தானே நடக்கறா?"

பன்முகத்தன்மை உறுப்பினர் அட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பொண்ணு?"

"கதாநாயகி சார். படம் முழுக்க."

மூவரும் குச்சிகளை எடுத்துக்கொண்டு அட்டை அட்டையாகப் போனார்கள். ஒரு படத்தில் சிறுமியின் வலது கால் முன்னால் இருந்தது. இன்னொன்றில் இடது கால். இன்னொன்றில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க?" என்றார் தலைவர். "நடக்கும்போது தெரியும் சார். ஓட்டிப் பாத்தா..." என்று ஆரம்பித்த அனிமேட்டர், மூவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓட்டிப் பார்ப்பது என்ற சொல் அந்தக் கூடத்தில் கெட்டவார்த்தை.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா ஒண்ணுமில்ல" என்றார் பன்முகத்தன்மை உறுப்பினர் வருத்தத்துடன். "சொல்லிட்டீங்க. சொன்னத நிரூபிக்கணும். நிரூபிக்கலன்னா போலிப் பிரதிநிதித்துவம். அப்புறம் படமே வெளிய வராது. அந்தப் பொண்ணுக்கு மருத்துவச் சான்று இருக்கா?"

"அது பொம்மை சார். கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"மூலநபர் யாராவது?"

"என் மக."

"அப்பச் சுலபம். அடுத்த திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. நடந்து காட்டட்டும்."

அனிமேட்டரின் மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். அன்று மாலை அவர் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றபடியே இதையெல்லாம் கேட்டார்.

"பொம்மை நொண்டுதான்னு பாக்க எம்பொண்ண நடக்கச் சொல்றாங்களா? நீங்களும் சரின்னுட்டு வந்துட்டீங்களா?"

"நான் சரின்னு சொல்லல. தலைய ஆட்டினேன்."

"அந்தத் தலைய பூம்பூம் மாடு பாத்தா வெக்கப்படும்."

உள்ளே இருந்து வாலு வந்தாள். "நடந்து காட்டினா அவ நடை படத்துல இருக்குமாப்பா?"

"இருக்கும்."

"காட்டலன்னா?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நான் வரேன். நடக்கறதுதானே? தெனமும் சும்மாவே நடக்கறேன்."

தாய் அவளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "நானும் வருவேன். அன்னிக்கு ஷிப்ட் மாத்திக்கறேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் போனபோது வாரியத்தின் லிஃப்ட் திறந்தே இருந்தது. உள்ளே ஆள் நிற்க இடமில்லை. பழைய படங்களின் அட்டைகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். வெளியே 'அனைவருக்குமான கட்டடம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. வாலு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் இரும்பு கல்லில் இடித்துச் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் தந்தை தூக்கிக்கொள்ளப் போனார். "வேணாம்பா. படியேறிக் களைச்சுப் போனதாலதான் இப்படி நடக்கறேன்னு நெனப்பாங்களா?" என்று கேட்டாள். "நெனக்க மாட்டாங்க" என்றார் அவர். அப்படியும் அவள் மூச்சு அடங்கும்வரை கூடத்துக்கு வெளியே நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார்கள். எழுத்தர் கேமராவுடன் தயாராக நின்றார். பத்து விநாடிக்கு ஒரு படம். படத்துக்கு ஒரு விதி, மனிதருக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

"ஆரம்பிக்கலாம் பாப்பா" என்றார் தலைவர். முதல் படம் எடுக்கப்பட்டது. வாலு நடந்தாள். இடது தோள் முன்னால் போனது, இடுப்பு சுழன்றது, இரும்பு தரையைத் தொட்டு ஒலித்தது, வலது கால் வந்து சேர்ந்தது. அறையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். எதிர்ச்சுவரை அடைந்து அவள் நின்றபோது பத்து விநாடி ஆகியிருந்தது. இரண்டாவது படம் எடுக்கப்பட்டது.

படங்கள் அச்சாகி வந்தன. முதல் படத்தில் அவள் இந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவதில் அந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நிக்குது" என்றார் அரசியல் சாயல் உறுப்பினர்.

"நல்லாவே நிக்குது" என்றார் பன்முகத்தன்மை உறுப்பினர்.

"நடுவுல நடந்தா சார்!" என்றார் தாய். "மூணு பேரும் பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"நாங்க பாத்தது கணக்குல வராதும்மா" என்றார் தலைவர். "எங்க கண்ணுக்குப் பாவம் வந்துடும். கேமராவுக்கு வராது."

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். மெதுவாக நடக்க வேண்டும். எழுத்தர் கை காட்டும்போது காலைச் சாய்த்த நிலையிலேயே அசையாமல் நிறுத்த வேண்டும். வாலு முயன்றாள். சாய்ந்த நிலையில் நிற்க முடியாமல் காலை ஊன்றிவிட்டாள். மறுபடி முயன்றாள். மறுபடி ஊன்றினாள்.

"நிறுத்தினா அது நிக்கறது சார்" என்றாள். "நடக்கறது இல்ல."

"நல்லாப் பேசுது" என்றார் தலைவர்.

காலிப்பர் துணைப்பொருளா, உடலின் பகுதியா என்ற கேள்வியை அரசியல் சாயல் உறுப்பினர் எழுப்பினார். துணைப்பொருளாக இருந்தால் அது ஒப்பனைக் கணக்கில் சேரும். கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். தாய் எழுந்து வந்து மகளுக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றார்.

"கைய வெச்சுப் பாருங்க."

யாரும் வைக்கவில்லை. இருக்கும் படங்களே போதும் என்று தலைவர் சொன்னார். மூவரும் ஜன்னலோரம் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். காலிப்பர் போட்டிருந்ததால் படங்களில் இரண்டு பாதங்களும் தரையில் சமமாகப் பதிந்திருந்தன. அளவுகோல் வைத்தும் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது மூவர் முகத்திலும் மகிழ்ச்சி இருந்தது.

"மூலநபருக்கு நடையில் எந்தக் குறைபாடும் இல்லை என்று வாரியம் ஒருமனதாகக் காண்கிறது" என்று தலைவர் படித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு மனம்விட்டுப் பேசினார். "இந்த வாரியத்த ஆரம்பிச்சப்ப, உங்களால யாருக்கு என்ன லாபம்னு கேட்டாங்க. இன்னிக்குப் பதில் கிடைச்சிருக்கு. குறையோட படியேறி வந்த ஒரு குழந்த குறையில்லாம இறங்கிப் போகுது. எந்த ஆஸ்பத்திரி இத செஞ்சிருக்கு? ஒரு ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ரெண்டே ரெண்டு போட்டோ!"

கை தட்டினார்கள். எழுத்தரும் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

"சார், நான் பஸ்ல கண்டக்டர்" என்றார் தாய். "நூறு பேர் ஏறுவாங்க. யாருக்கு சீட் வேணும்னு பாத்தே சொல்லுவேன். ஒருத்தர்கிட்டயும் போட்டோ கேட்டதில்ல."

"அதனாலதாம்மா பஸ்ல இவ்வளவு முறைகேடு" என்றார் தலைவர் கனிவாக.

"நீங்க மூணு பேரும் ஒருநாள் என் பஸ்ல வாங்க. நின்னுக்கிட்டே வாங்க."

அது குறிப்பில் ஏற்றப்படவில்லை. கிளம்பும்போது பன்முகத்தன்மை உறுப்பினர் வாசல்வரை வந்து, "முடிவோட நகல் விதிப்படி சமூக நலத்துறைக்குப் போயிடும். நீங்க அலைய வேணாம், நாங்களே அனுப்பிடறோம்" என்றார். உதவி செய்த திருப்தி அவர் குரலில் இருந்தது.

தயாரிப்பாளர் மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்கு வந்து அனிமேட்டரின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, நடைய நேராக்கினா சான்றிதழ் குடுத்துடுவாங்களாம். நேராக்கிடு. அப்புறம் எல்லாம் முடிஞ்சுது."

"அத எடுக்க மாட்டேன் சார்."

"உன் பொண்ணோட நடைய படத்துலருந்து எடுத்தா உன் பொண்ணோட நடை போயிடுமா? சொல்லு. தியேட்டர்காரன் கழுத்துல கத்தி வெச்சிருக்கான்."

"எம் பொண்ணு தலைல கை வெச்சுச் சொன்னேன் சார்."

"நானும் என் பொண்டாட்டி கழுத்துல கிடந்தத வெச்சுத்தான் படம் எடுத்தேன்." அவர் கோபப்படவில்லை. எழுந்து, பக்கத்து மேசைக்காரர் தோளைத் தட்டினார். "நீ எடுக்க வேணாம். அவர் எடுத்துடுவார்."

சாதாரண நடை மென்பொருளிலேயே இருக்கிறது. பழைய நடையை அழித்துவிட்டு, பட்டியலிலிருந்து 'பெண் குழந்தை, உற்சாகம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பக்கத்து மேசைக்காரர் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். போகும்போது "என்ன மன்னிச்சுடுங்கண்ணே" என்றார். அனிமேட்டர் அன்று மாலை தன் பொருள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் தேடும் விளம்பரம் மறுநாள் வந்தது. எல்லாத் தரப்பினரும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் கிடைத்தது. வாரியம் இதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. விடுமுறையின் முதல் நாள் எல்லாத் தியேட்டர்களிலும் வெளியானது. பனி இல்லாத மலையில், முழங்கால்வரை பூட்ஸ் போட்ட சிறுமி ஒருத்தி, அரைக்கண் மூடிய கரடியிடமிருந்து சாம்பல் நிறத் தேதிகளை மீட்க, பார்வையாளரை நோக்கி நடந்து வந்துகொண்டே இருந்தாள். கடைத்தெரு, பள்ளிக்கூடம், மலையடிவாரம் என்று கூட்டம் வந்த இடங்களிலெல்லாம் ஒரு சக்கர நாற்காலி ஓரமாகக் காலியாக நின்றது. சில குழந்தைகள், அதில் இருந்தவரைக் கரடி தின்றுவிட்டதா என்று கேட்டதாகத் தியேட்டர்காரர்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வாலுவின் வகுப்பை ஒரு காலைக் காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். தந்தை முந்தின இரவே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், சொல்லவில்லை. அவள் மதியம் வீடு திரும்பிக் காலிப்பரின் வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வாலு..."

"கடைசில சரியாகலப்பா. நீ சொன்னது சரிதான்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "அவளுக்கு மொதல்லயே ஒண்ணுமில்ல."

சமையலறையில் தாய் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"எல்லாரும் என்னப் பாத்தாங்க" என்றாள் வாலு. "நான் பூட்ச மட்டும் பாத்துட்டு இருந்தேன். உள்ள இருக்கும்னு."

ஜனவரியில் சமூக நலத்துறையின் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். வளரும் குழந்தைகளுக்குக் காலிப்பரை ஆண்டுதோறும் மாற்றிக்கொடுப்பது அந்தத் துறைதான். வாலுவின் பழைய காலிப்பர் முழங்காலுக்குக் கீழே கடித்துப் புண்ணாக்கத் தொடங்கியிருந்தது. வாரியத்திலிருந்து வந்த நகலின்படி அவளுக்கு நடையில் குறைபாடு இல்லை என்றும், அதனால் புதியதற்கான ஒப்புதல் ரத்தாகிறது என்றும் ஆய்வாளர் சொன்னார். நல்ல மனிதர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாலு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரில் பாதி தளும்பிக் கீழே சிந்தியது.

"இப்பப் பாத்தீங்கல்ல?" என்றார் தாய்.

"பாத்தேம்மா."

"பாத்தத எழுதுங்க."

"நான் பாத்தத எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. அவங்க படத்தோட அனுப்பியிருக்காங்க. ரெண்டு படம். ரெண்டுலயும் நிக்குது." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். "மேல்முறையீடு பண்ணுங்க. அந்த வாரியத்துக்கேதான் பண்ணணும்."

மேல்முறையீடு செய்தார்கள். அது பரிசீலனையில் இருக்கிறது. வாரியத்தின் தலைவருக்கு, குறைபாடு ஒழிப்புப் பணிக்காக மேலும் மூன்றாண்டு பதவி நீட்டிப்பு வழங்கப்பட்டது. லிஃப்டில் புதிய படத்தின் அட்டைகளையும் சேர்த்து அடுக்கினார்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சைக்கிள் கடையில் காலிப்பரின் இரண்டு கம்பிகளையும் அறுத்து, நடுவில் துண்டு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். முன்பைவிடக் கனமாக இருக்கிறது. வாலு அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.